சும்மா பெட்டி எலிகள்

“நீங்க குடுத்தனீங்களா இல்லையா? அத மட்டும் சொல்லுங்கக்கா!”

“குடுத்தனான்தான். நஞ்சோ குடுத்தனான்? உழுந்துமாவும் நல்லெண்ணெயும்தானே. முட்டையில ஒரு சொட்டு.”

“யா அல்லாஹ்! முட்டையுமா?”

“பச்சை முட்டை. அவிச்சதெண்டா குணம் போயிடும்.”

கண்ணாடித் தகடுகள் அடுக்கிய தட்டைக் கையில் வைத்தபடி விலங்கறை வாசலிலேயே நின்றுவிட்டேன். சத்தம் போட்டது ஷிஃபானா. கிண்ணியாவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து எங்கள் ஆய்வுகூடத்தில் மேற்படிப்புக்காக ஆய்வு செய்கிற பிள்ளை. பதில் சொன்னது சுலோஜனா. எலிகளுக்குத் தீன் வைத்து, பெட்டி கழுவி, உமி மாற்றுகிறவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் அதட்டி நான் அதற்கு முன் கேட்டதில்லை. மத்தியானத்தில் கறி மாற்றிச் சாப்பிடுகிறவர்கள்.

“எப்ப இருந்து குடுக்கிறீங்க?”

“தாயிட்ட பால் மறந்து வந்த நாளில இருந்து.”

“எல்லாப் பெட்டிக்குமா?”

“இல்ல, இல்ல. ஊசி போட்டதுகளுக்கு ஏன்? இந்தச் சும்மா பெட்டிக்கு மட்டும்தான்.”

ஷிஃபானா அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள். என்னைக் கண்டதும், “மிஸ், கேட்டீங்களா? சும்மா பெட்டிக்கு மட்டும்தானாம். எனக்கு எந்தப் பெட்டியத் தொடவே கூடாதோ, அந்தப் பெட்டிய மட்டும் தொட்டிருக்கா” என்றாள்.

விஷயத்தை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். நான் அங்கே தொழில்நுட்ப உத்தியோகத்தர். எலியின் உறுப்பை மெழுகில் பதித்து, சீவி, சாயம் ஊட்டி, கண்ணாடியில் ஒட்டிக் கொடுப்பது என் வேலை. ஷிஃபானாவின் ஆய்வு, வயதுக்கு வராத பெண் எலிகளின் சூலகம் பற்றியது. சூலகம் என்றால் முட்டை விளைகிற இடம். குட்டி எலியில் அது மிளகைவிடச் சின்னது. சினைக் குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கிற ஒரு ஹோர்மோனை ஊசியாகப் போட்டால், அந்தச் சூலகத்தில் முட்டைகளைச் சுற்றியிருக்கிற உயிர்க்கலங்கள் பெருகத் தொடங்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, உறுப்பே பொம்மிவிடும். எவ்வளவு ஹோர்மோனுக்கு எவ்வளவு பெருக்கம் என்று பார்ப்பதுதான் ஆய்வு.

அதற்கு, ஹோர்மோன் போடாத எலிகளும் சில வேண்டும். அவற்றுக்கு வெறும் உப்புநீர் ஊசி. சாப்பாடும் வெளிச்சமும் எல்லாப் பெட்டிக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் வித்தியாசம் ஹோர்மோனால் வந்தது என்று சொல்லலாம். அந்த எலிகளின் பெட்டிக்குப் புத்தகத்தில் பெரிய பெயர் உண்டு. எங்கள் வாயில் அது சும்மா பெட்டி.

நான் கொண்டுபோன தட்டில் இருந்தது அந்தச் சும்மா பெட்டி எலிகளின் சூலகம்தான். முதல் தகடுகளை ஷிஃபானா காலையிலேயே பார்த்துவிட்டாள். சின்னதாக, தூங்கியபடி இருக்க வேண்டிய சூலகம் ஊதிப் போயிருந்தது. சிலதில் முட்டை வெடித்துப் போன அடையாளமும் இருந்தது. அந்த எலிகள் தாமாகவே வயதுக்கு வந்துவிட்டன. ஊசியை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று அந்தப் பிள்ளை முதலில் தன்னையே சந்தேகப்பட்டாள். பிறகு பெட்டியை முகர்ந்து பார்த்திருக்கிறாள். நல்லெண்ணெய் மணம். உமிக்குள் உழுந்துக் கோது.

“எடை கூடுதெண்டு நான் சந்தோசப்பட்டேன் மிஸ். சுலோ அக்கா வடிவாப் பாக்கிறா எண்டு எல்லாரிட்டயும் சொல்லித் திரிஞ்சேன்” என்றாள் ஷிஃபானா. அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. “எலிக்குச் சாமத்தியச் சாப்பாடு போட்ட ஆள் உலகத்திலேயே இவ ஒராள்தான்.”

எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் உழுந்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை. பிள்ளை ஓங்காளித்தாலும் விடமாட்டார்கள். இடுப்புக்குப் பலம், கர்ப்பப்பைக்குப் பலம் என்பார்கள். ஹோர்மோன் போட்ட எலியெல்லாம் வளர, போடாதவை சுருங்கிக் கிடக்கின்றன என்று பாவப்பட்டுத்தான் கொடுத்தார் என்று நான் நினைத்தேன்.

சுலோஜனா திட்டு எதற்கும் முகம் கோணவில்லை. ஈரக் கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஷிஃபானாவின் கதிரைக்குக் கிட்ட வந்தார்.

“பிள்ளை, நீங்க என்னை எவ்வளவும் ஏசுங்க. ஒண்டு மட்டும் சொல்லுங்க. அதுகளுக்குச் சரிவந்ததோ?”

“என்ன?”

“ஊசியில்லாம, சாப்பாட்டில மட்டும் அதுகள் பெரிசாகினதோ?”

ஷிஃபானா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

“ஓமக்கா. சரிவந்துட்டு. அதான் பிரச்சினையே.”

சுலோஜனா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவருக்கு ஒரே மகள், லக்சனா. அப்போது பதினேழு முடியப் போகிற வயது. லிங்கநகரில் அவர்கள் வீட்டுக்கு நான் போய்வருவதுண்டு. குள்ளமான, துடியான பிள்ளை. வர்த்தகப் பிரிவில் படித்தாள். பெரியபிள்ளையானதைக் கொண்டாடுகிற சாமத்தியவீடு ஒன்று நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். சிலர் செலவுக்கு அஞ்சி வைப்பதில்லை, அப்படித்தான் என்று கேட்காமல் விட்டிருந்தேன். கூடப் படித்த பிள்ளைகளுக்கெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. இவளுக்கு ஒன்றும் வரவில்லை என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. நாலு வருடமாகத் தாய் களி கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“கோணேசருக்கு நேர்ந்தாச்சு, பத்திரகாளிக்கு நேர்ந்தாச்சு” என்றார் சுலோஜனா என்னிடம், அன்று தேத்தண்ணி குடிக்கிற இடத்தில். “அவவின்ர மாமி தோப்பூரில இருந்து வரேக்கயெல்லாம் ‘என்னடி, இன்னும் சின்னப்பிள்ளையோ’ எண்டு ஆக்களுக்கு முன்னால கேப்பா. பிள்ளை அலுமாரிக்குப் பின்னால போய் நிக்கும். களி வேலை செய்யுதோ இல்லையோ எண்டு எனக்கே சந்தேகம் வந்திட்டுது, வதனியக்கா. இஞ்ச பெட்டி பெட்டியாப் பெரிசாகாத பொம்பிளை எலியள். குடுத்துப் பாப்பம் எண்டு...”

“அப்ப நீங்களும் ஒரு ஆய்வு செஞ்சிருக்கிறீங்க” என்றாள் ஷிஃபானா. கோபம் முழுக்க இறங்கவில்லை. “என்ட ஆய்வுக்குள்ள.”

“மன்னிச்சுக்கொள்ளுங்க மிஸ்.”

“மிஸ்ஸாம். இவ்வளவு நேரம் பிள்ளை, இப்ப மிஸ்.”

எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சுலோஜனாவின் முகத்தில் அன்று இருந்த வெளிச்சம் எனக்குப் பயத்தைத் தந்தது. எலிக்குச் சரிவந்தது, பிள்ளைக்கும் வரும். அளவுதான் காணாது, இன்னும் கூட்டிக் கொடுக்க வேண்டும். அவர் கணக்கு அப்படித்தான் போனது. கொஞ்சம் தயங்கி, குளிர்பெட்டிப் பக்கம் கண்ணைக் காட்டி, “அந்த ஊசியில ஒரு துளி...” என்று தொடங்கினார்.

“வாயால சொல்லாதீங்கக்கா” என்று ஷிஃபானா எழும்பிவிட்டாள். “எலிக்கு அளந்த மருந்து. உங்கட மகளுக்கு என்ன குறையெண்டு தெரியாம எதையும் போடேலாது. கிளினிக்குக் கூட்டிப் போங்க. நாலு வருசமா ஏன் போகல்ல?”

“போனா ஊருக்குத் தெரியும்.”

“போகாட்டி?”

சுலோஜனா கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உமிச்சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார்.

அந்தக் கிழமையே ஷிஃபானா ஒரு நல்ல காரியம் செய்தாள். இப்போது யோசித்தால் அது நல்லதுதானோ என்று தெரியவில்லை. வீணாய்ப் போன தகடுகளில் ஒன்றை நுணுக்குக்காட்டியில் வைத்து, சுலோஜனாவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னாள். சுலோஜனா ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். கனநேரம் எழும்பவில்லை.

“ஊதா நிறத்தில உருண்டை உருண்டையாக் கிடக்கு. சவ்வரிசி ஊறப்போட்ட மாதிரி.”

“அதான் முட்டைகள். சுத்திவரச் சின்னப் புள்ளி தெரியுதா? அதுதான் பெருகின கலங்கள். ஹோர்மோன் வந்து ‘எழும்புங்க’ எண்டா எழும்புறது அதுகள்தான்.”

“என்ர பிள்ளைக்குள்ளயும் இப்பிடிச் சவ்வரிசி கிடக்கும், என்ன?”

“கிடக்கும்தானேக்கா. எல்லாப் பொம்பிளைக்கும் பிறக்கக்குள்ளயே இரிக்கும்.”

அப்படித்தான் புத்தகத்திலும் இருக்கிறது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. சுலோஜனா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார்.

நானும் கூடப் போனேன். ஸ்கானுக்குத் தண்ணீர் குடித்துக்கொண்டு கனநேரம் காத்திருந்தோம். ஆஸ்பத்திரி மதிலோரம், எங்கள் நகரத்துக்குள் திரிகிற புள்ளிமான்களில் ஒன்று குப்பைக்குள் தலையை விட்டுப் பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டிருந்தது. “அன்ரி, பாருங்க, ரவுண் மானுக்கு சோறு சுத்துற லஞ்ச் சீற் இல்லாமச் சாப்பாடு இறங்காது” என்று லக்சனா பகிடி விட்டாள். பகிடி விட்டாலும் என் கையை அவள் விடவில்லை.

இரத்தப் பரிசோதனைகள் கொழும்புக்குப் போய் வரப் பல கிழமைகள் எடுத்தன. கடைசியில் வைத்தியர் எங்களைக் கூப்பிட்டார். சிங்களப் பெண். தமிழைக் கஷ்டப்பட்டு, ஆனால் அன்பாகக் கதைத்தார். லக்சனாவை வெளியே இருக்கச் சொல்லுங்கள் என்று தாய் கேட்டுக்கொண்டார்.

“அம்மா, மகள்கிட்ட பிழை இல்ல. உங்ககிட்டயும் பிழை இல்ல. பிறக்கும்போதே அப்பிடி” என்றார் வைத்தியர். “கர்ப்பப்பை இருக்கு, சின்னது. சூலகம் ரெண்டும் வளர இல்ல. நூல் மாதிரி இருக்கு. உள்ளுக்கு முட்டை இல்ல.”

“வளர மருந்து குடுங்க டொக்டர்.”

“மருந்து குடுப்போம். நெஞ்சு வளரும், மாசாமாசம் வரும், எலும்பு பலமா இருக்கும். ஆனா முட்டை வராது. பிள்ளை...” அவர் தமிழ்ச் சொல்லைத் தேடினார். தேடுகிற நேரத்திலேயே சுலோஜனாவுக்கு விளங்கிவிட்டது.

வேறொரு பெண்ணின் முட்டையை வைத்து ஒரு வழி உண்டு, அது தூரமான வழி, எல்லோருக்கும் எட்டாது என்றும் வைத்தியர் சொன்னார். சுலோஜனா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் கண் ஸ்கான் படத்திலேயே இருந்தது. கறுப்பும் சாம்பலுமான படம். அதில் சவ்வரிசியைத் தேடினார் என்று நினைக்கிறேன்.

அடுத்த நாள் வேலைக்கு வந்தவர் நேரே ஷிஃபானாவிடம் போனார்.

“நூலுக்கு உங்கட ஊசியப் போட்டா சவ்வரிசி வராதோ, பிள்ளை?”

நான் அறிக்கையின் பிரதியை ஷிஃபானாவிடம் கொடுத்தேன். அவள் வாசித்தாள். வாசித்து முடித்தபின்னும் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அக்கா, நான் எலிக்குப் போடுறது என்ன தெரியுமா? மூளைக்குக் கீழ இருந்து சூலகத்துக்குப் போற ஹோர்மோன் செய்யிற வேலைய அந்த ஊசியும் செய்யும். ‘எழும்பு, வளர்’ எண்டு சொல்லும். உங்கட மகளின்ட ரத்தத்தில அந்த ஹோர்மோன் குறைவில்ல. அளவுக்கு மிஞ்சிக் கிடக்கு. வருசக்கணக்கா அவட உடம்பு கூப்பிட்டுக்கொண்டே இரிக்கி.”

“அப்ப ஏன் வளரேல்ல?”

“கேக்கிறதுக்கு அங்க ஆள் இல்லக்கா.”

“நீங்கதானே சொன்னனீங்க, எல்லாப் பொம்பிளைக்கும் இருக்கும் எண்டு.”

ஷிஃபானாவின் கண் நிறைந்துவிட்டது. “சொன்னேன்தான்” என்றாள். “மன்னிச்சுக்கோங்கக்கா.”

பிறகு சுலோஜனா எழும்பிப் பெட்டிகளைக் கழுவத் தொடங்கினார். எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவு தீன் வைத்தார். அதற்குப் பிறகு அவர் பையில் நல்லெண்ணெய்ப் போத்தல் வந்ததில்லை.

ஷிஃபானாவின் ஆய்வும் அதோடு சரிந்தது. மறுபடி தொடங்க, கொழும்பிலிருந்து ஒரே வயதுக் குட்டி எலிகள் வர வேண்டும். அங்கே நோய் வந்து இனப்பெருக்கத்தை நிறுத்திவிட்டார்கள். காத்திருந்து காத்திருந்து மேற்படிப்புக்கான பதிவுக் காலம் முடிந்தது. இப்போது மூதூரில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். சுலோஜனாவின் பெயரை அவள் மேலே யாரிடமும் சொல்லவில்லை. “தீனில பிழை” என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். சொல்லியிருந்தால் அவருக்கு வேலை போயிருக்கும்.

லக்சனாவுக்குக் குளிசை தொடங்கியது. முதலில் அரைவாசி, பிறகு முழுசு, பிறகு அதைவிடக் கூட. பிள்ளையின் உடம்பு மெல்ல மெல்ல மாறியது. கன்னம் நிரம்பியது. பழைய சட்டைகள் இறுகின. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிற நேரம் கூடியது. மாமி வந்தால் அலுமாரிக்குப் பின்னால் ஒளிப்பதில்லை. என் வீட்டுக்கு வந்து, “அன்ரி, எனக்குச் சாறி கட்டினா எப்பிடி இருக்கும்?” என்று கேட்பாள். அவளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான்: ஹோர்மோன் கொஞ்சம் பிந்திவிட்டது, குளிசை அதைச் சரிப்படுத்தும்.

“எப்ப சொல்லப் போறீங்க?” என்று சுலோஜனாவைக் கேட்டேன்.

“சோதினை முடியட்டும்.”

உயர்தரச் சோதனை முடிந்தது. “ரிசல்ட் வரட்டும்” என்றார். அதுவும் வந்தது. கிளினிக்கில் வைத்தியரும் கேட்டிருக்கிறார். “நான் வீட்டில சொல்லிட்டன்” என்று தாய் பொய் சொல்லிவிட்டார். பிறகு அந்த வைத்தியருக்கு இடமாற்றம் வந்தது. வந்த புதியவருக்கு நேரமில்லை. கிளினிக் கொப்பியில் முந்தி எழுதியிருந்ததைப் பார்த்துக் குளிசையை எழுதிக் கொடுத்தார். பிள்ளைக்கு ரியூசன் என்று சொல்லித் தாயே போய் வாங்கி வந்தார்.

இந்த வருடம் இரண்டாவது குளிசை சேர்த்தார்கள். அதைக் கொஞ்ச நாள் போட்டு நிறுத்தினால், சில நாளில் மாதவிடாய் வரும் என்று சொல்லியிருந்தார்கள். சுலோஜனா என்ன செய்தார் தெரியுமா? பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அத்த நட்சத்திரத்தில் வருகிற மாதிரிப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்துக் குளிசையைத் தொடங்கினார். பிள்ளை பெரியபிள்ளையான நேரத்தை வைத்துச் சாதகம் எழுதுவார்கள், அது நல்ல நேரமாக இருக்க வேண்டும் என்பதற்காக.

“ஒரு நாள் பிந்திட்டுது, வதனியக்கா” என்று போனில் சொன்னார். “சித்திரை நட்சத்திரத்தில வந்திருக்கு. சித்திரையும் அவ்வளவு கூடாதெண்டு இல்ல, என்ன?”

அவர் குரலில் இருந்த சந்தோசம் உண்மையானது. எல்லாம் தெரிந்தும் அந்தத் தாய் சந்தோசப்பட்டார். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

சாமத்தியவீடு போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பத்தொன்பது வயதில் என்று சிலர் வாய்க்குள் சிரித்தார்கள்தான். ஆனாலும் வந்தார்கள். தோப்பூரிலிருந்து மாமி குடும்பம், கந்தளாயிலிருந்து தாய்வழி ஆட்கள். லக்சனாவின் அப்பா தனஞ்சயன் துறைமுகத்தில் இழுவைப்படகில் வேலை செய்கிறவர். எண்ணி எண்ணிக் கதைக்கிற மனிதன். அன்று வெள்ளைவேட்டியோடு வாசலில் நின்று வந்த எல்லோரையும் இரண்டு கையாலும் பிடித்து உள்ளே அனுப்பினார். அவருக்கும் சுலோஜனா ஒன்றும் சொல்லவில்லை. “அந்தாளுக்குச் சொன்னா உடைஞ்சிடும்” என்றார். ஷிஃபானாவும் வந்திருந்தாள். கறுப்பு அபாயாவோடு கடைசி வரிசையில் இருந்து, தட்டில் வைத்த பலகாரத்தைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் வார்க்கிற நேரம் வந்தது. பிள்ளையை மணையில் இருத்தி, தலையில் பாலும் அறுகும் வைத்து, ஒவ்வொருவராக வார்த்தார்கள். “இன்னும் ஒராள் காணாது, பிள்ளைகுட்டிக்காரியா ஒராளக் கூப்பிடுங்கோ” என்று மாமி சத்தம் வைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்குப் பிள்ளை இல்லை. மாமியின் கண் என்னைத் தாண்டி, பின்னால் நின்ற ஒரு பெண்ணிடம் போனது. எனக்கு இது பழகிப்போன விஷயம், ஒதுங்கி வழிவிட்டேன். நிமிர்ந்தபோது சுலோஜனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாப்பாட்டுப் பந்தியில் மாமி சுலோஜனாவின் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

“இனி என்ன? என்ர மூத்தவன் சசிகரன் இருக்கிறான். வேற ஆக்களுக்குக் குடுக்க விடமாட்டன். ஆவணியில கலியாண எழுத்து. அடுத்த வருசம் எனக்கு மடியில ஒரு பேரன் வேணும், சொல்லிப்போட்டன்!”

எல்லோரும் சிரித்தார்கள். சுலோஜனாவும் சிரித்தார். தலையையும் ஆட்டினார்.

குசினிக்குப் பின்னால் அவரைத் தனியாகப் பிடித்தேன்.

“சுலோ, என்ன செய்யிறீங்க?”

“நான் என்ன செய்ய? ஆக்களுக்கு முன்னால மாட்டனெண்டு சொல்லட்டோ? காரணம் கேட்டா?”

“பிள்ளைக்காவது சொல்லுங்க. அவளின்ர உடம்பு.”

“இண்டைக்குத்தானக்கா அவ தலை நிமிர்ந்து இருக்கிறா. அஞ்சாறு வருசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான்.” என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். “என்ர தலையில சத்தியம் பண்ணுங்க. நீங்க சொல்லக் கூடாது. கலியாணம் முடிஞ்சு, பிள்ளை இல்லாம எத்தின பேர் இருக்கினம். நீங்க இல்லையோ? அதுபோல இருக்கட்டும். முதலே தெரிஞ்சா ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.”

நான் கையை எடுத்தேன். சத்தியம் பண்ணவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. ஆக்கள் பாயாசத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினார். சவ்வரிசிப் பாயாசம். நான் குடிக்கவில்லை.

வெளிக்கிட முன் லக்சனாவிடம் சொல்லிவிட்டு வர அறைக்குள் போனேன். மாலையின் பாரத்தில் கழுத்தைத் தடவிக்கொண்டு கட்டிலில் இருந்தாள். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தச் சொன்னாள்.

“அன்ரி, உங்களிட்ட ஒண்டு கேக்கோணும். அம்மாட்டக் கேட்டா அழுறா. ஏனெண்டு தெரியேல்ல.”

“என்ன ராசாத்தி?”

“இந்தக் குளிசைய நிப்பாட்டினா எனக்குத் தானா வருமோ? மற்றப் பிள்ளையளுக்கு வாற மாதிரி?”

நான் மாலையை ஒழுங்குபடுத்துகிற மாதிரிக் குனிந்தேன்.

“அம்மா முந்தி ஒரு எலிக்கதை சொல்லுறவா” என்று அவள் தொடர்ந்தாள். “ஊசியே போடாத எலியள், உழுந்துக்களி திண்டு பெரிசாகினதாம். உன்னட்டயும் அப்பிடித்தான் சரிவரும் எண்டு சொல்லிச் சொல்லித்தான் எனக்கு அந்தக் களியத் தீத்தினவா. குளிசை தொடங்கின பிறகு அந்தக் கதையச் சொல்லுறதே இல்ல. அன்ரி, அந்த எலியள் பிறகு குட்டி போட்டதுகளோ?”

அந்த எலிகளை அறுத்தாகிவிட்டது. அவற்றின் சூலகத்தைச் சீவி, சாயம் போட்டுக் கண்ணாடியில் ஒட்டியதே நான்தான். குட்டி போடக்கூடியவை, போட விடவில்லை. இவளுக்குள்ளே சீவிப் பார்க்கவும் ஒன்றுமில்லை. இதில் எதைச் சொல்வது?

“பிறகு கதைப்பம் பிள்ளை. இண்டைக்கு நல்ல நாள்” என்றேன்.

“அப்ப வாற சனிக்கிழமை வாறன். அல்பம் கொண்டு வாறன். அண்டைக்குச் சொல்லுங்க, என்ன? நீங்க எனக்குப் பொய் சொல்லமாட்டீங்க எண்டு தெரியும்.”

வெளியே ஷிஃபானா செருப்பைப் போட்டுக்கொண்டு நின்றாள். என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். “சொல்லுங்க மிஸ்” என்றாள். கொஞ்சத் தூரம் நடந்தபின், “இல்லாட்டி சொல்லாதீங்க. எனக்குத் தெரியல்ல. நான் ஒரு தரம் தெரியுமெண்டு சொல்லிப் பிழையாப்போச்சு” என்றாள். பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள்.

சொன்னால், நான் ஒரு தாயின் கையை உதறியவள். அந்தப் பிள்ளை நிமிர்த்திய தலையை நானே அமர்த்தியவள். சொல்லாவிட்டால் ஆவணியில் எழுத்து. பிறகு ஒவ்வொரு மாதமும் மாமியார் வீட்டில் அவளைத்தான் பார்ப்பார்கள். குறை தன்னில்தான் என்பதுகூடத் தெரியாமல், கோயில் கோயிலாக ஏறி இறங்குவாள். யாரோ அவளுக்குக் களி கிண்டிக் கொடுப்பார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு நல்ல முடிவு ஒன்று தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருப்பீர்கள். பிள்ளை இல்லாமல் இருக்கிறவர்களும் இருப்பீர்கள். லக்சனாவைப் போலவே பிந்தித் தெரிந்துகொண்டவர்களும் இருக்கக்கூடும். பெயர்களை மாற்றித்தான் இதை எழுதியிருக்கிறேன். சனிக்கிழமை அவள் அல்பத்தோடு வந்து என் முன்னால் இருப்பாள், அந்த எலிகளைப் பற்றிக் கேட்பாள். நான் என்ன சொல்ல வேண்டும்? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள். சனிக்கு முதல் எழுதுங்கள்.